நாலரை

இந்தக் கடைக்கு இரவு கிடையாது.
விளக்கை அணைக்கிற சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று
ஆறு வருடமாய்க் கல்லாவில் உட்காரும் எனக்கே தெரியாது.
செத்தாப்பாக் மழை கொஞ்சம் விட்டதும் வருவார்கள்,
ஒன்பதாம் மேசைக்கு,
பந்தாட்டம் ஓடும் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி.

கூலேத், வேறொருவன் பெயரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவன்.
வர்சாமே, அங்கே பள்ளிக்கூட வாத்தியார்,
இங்கே யூஎன் அட்டை காலாவதியாகும் தேதியை எண்ணுபவர்.
லீபான் கோம்பாக்கில் படிக்கிற பையன்,
என்னோடு மலாய் பேசுவான்.
மஹத் பேசுவதில்லை.
சில நாள் பக்கத்து மேசையில் உட்கார்வான்,
நாற்காலி காலியாக இருந்தாலும்.

சோற்றோடு வாழைப்பழம் கேட்டபோது
சமையல்கார ஜபருல்லா விழுந்து விழுந்து சிரித்தார்.
இப்போது அவர்களுக்கென்று ஒரு சீப்பு
அவரே பார்த்து வாங்கி வருகிறார்.

உப்புக் குடுவைதான் மொகதிசு.
மிளகாய்ச் சாஸ் போத்தல் ஹர்கெய்சா.
நடுவில் பல்குத்தும் குச்சிகளை அடுக்கி
இது எல்லை என்பான் கூலேத்.
வர்சாமே ஊதிவிடுவார்.
ஒரே மொழி, ஒரே மதம், பிறகெதற்குக் குச்சி?
எங்கள் ஊர்மேல் குண்டு போட்ட விமானம்
எங்கள் ஊர் ஓடுதளத்திலிருந்தே கிளம்பியது என்பான் கூலேத்.
வர்சாமே தேநீரைப் பார்ப்பார்.
பாஷை தெரியாத எனக்கே இந்த இடம் பழகிவிட்டது.
இங்கே மட்டும் ஒரு நிமிடம் யாரும் பேசமாட்டார்கள்.
சொஹாக் ஈரத்துணியோடு வந்து
உப்பையும் சாஸையும் பழையபடி
ஒரே தட்டில் வைத்துவிட்டுப் போவான்.

ஒருநாள் ஹோதன் தாப்பாவ் வாங்க வந்தாள்,
அம்பாங் வரைக்கும் சம்பூசா விற்கிறவள்.
நின்றபடியே ஏதோ கத்தினாள்.
நான் லீபானைப் பார்த்தேன்.
“தலைநகரத்தை நாளைக்குப் பிடிக்கலாம்,
இந்த மாத வாடகை யார் கொடுத்தது என்கிறாள்.”
கூலேத் அவளுக்கும் சேர்த்துக் காசு கட்டினான்.

புதிதாய் ஒருவன் வந்தால் முதலில் என்ன கேட்பீர்கள் என்றேன்.
யாருடைய மகன் என்று, சொன்னான் லீபான்.
அப்பா பெயர், தாத்தா பெயர், அவருக்கு அப்பா பெயர்,
ஏழெட்டுப் பெயருக்குள் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.
எங்களுக்கு அவ்வளவு நேரமாகாது, தம்பி.
எந்த ஊர்,
ஊரில் எந்தப் பக்கம்.
முடிந்தது.

அன்றைக்கு மஹத்தின் கணக்கு,
ரொட்டி இரண்டு, தே ஓ ஒன்று.
எம்பாட் செத்தெங்ா, நாலரை வெள்ளி என்று
உரக்கத்தான் சொன்னேன்.
ஒன்பதாம் மேசையில் யாரோ சிரித்தார்கள்,
வாய்க்குள் அடக்கி, அடக்க முடியாமல்.
மஹத் ஐந்து வெள்ளித் தாளை நீவி நீவி வைத்தான்.
“அக்கா, நாலு ஐம்பது என்று சொல்லுங்கள்”
என்றான் மலாயில்.
நான் அவனிடமிருந்து கேட்ட முதல் வாக்கியம்.

மறுநாள் லீபான் விளக்கினான்,
என் முகத்தைப் பார்க்காமல்.
அவர்கள் மன்றத்தில்
நாலு பெரிய குலத்துக்கு ஆளுக்கொரு முழுப் பங்காம்.
மிச்சமிருக்கிற எல்லோருக்கும் சேர்த்து
ஓர் அரை.
“மஹத்?” என்றேன்.
“நல்லவன்” என்றான்.
அதைக் கேட்கவில்லை நான்.

அதற்குப் பிறகு யாருக்கும் நான் அரை சொல்வதில்லை.
இரண்டு ஐம்பது. ஏழு ஐம்பது.
மணி கேட்டால்கூட மூன்று முப்பது.
முதலாளி ஒரு மாதிரி பார்க்கிறார்.

போன வெள்ளிக்கிழமை, கோயில் கமிட்டி அண்ணன் ஒருவர்,
மீதியை எண்ணிக்கொண்டே, நெற்றியில் விபூதி நனையாமல்,
“எந்த ஊரும்மா நீ?”
செத்தாப்பாக்.
“அதில்லம்மா. பூர்வீகம்.”
குரலைத் தாழ்த்தி, கல்லாமேல் கொஞ்சம் சாய்ந்து.
அவருக்குப் பின்னால் மஹத், கையில் ஐந்து வெள்ளி.
தமிழில் ஒரு சொல் தெரியாது அவனுக்கு.
ஆனாலும் அந்தச் சாய்வைப் பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்.

அண்ணன் தோளுக்கு மேலாக எட்டித் தாளை வாங்கினேன்.
“நாலு ஐம்பது” என்றேன்.
அண்ணன் இன்னும்
பதிலுக்குத்தான் நின்றுகொண்டிருந்தார்.